எந்த மாத்திரை என்று தெரியாமல் செய்த ஜெபம்

போன வருடம் ஆகஸ்ட் மாதம் என் மகள் பிரின்ஸிக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. இது சபையில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். எங்களுக்காக உபவாசம் இருந்தீர்கள். முறை வைத்துச் சோறு கொடுத்தனுப்பினீர்கள். நோய்க்கு அடுத்தபடியாக அவளுக்கு வந்த பெரிய ஆபத்து எது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. அது நான்தான். எழுந்து நின்று சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதிக் கொடுக்கிறேன்.

மூன்று மாதமாக வயிறு உப்பலாக இருக்கிறது, இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஓமத்தண்ணீர் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் நின்றபடியே கணக்கு நடத்துகிறாய், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று திட்டினேன். பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் முப்பது வருடமாக இருக்கிறேன். சட்டையில் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவேன். என் பிள்ளையின் வயிற்றில் இருந்ததை மட்டும் நான் பார்க்கவில்லை. இதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு முறை கீமோ ஏற்றினார்கள். அவளுடைய முடியெல்லாம் போயிற்று. கல்யாணப் பேச்சு தானாக நின்றுபோனது. அந்த நாட்களில் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்காலில் நிற்பேன், மூட்டு வலிக்கும், எழுந்துவிடுவேன். அவ்வளவுதான்.

கீமோ முடிந்த பிறகு, நோய் திரும்பி வராமல் தடுக்க ஒரு புது மருந்தை ஆராய்ச்சி செய்கிறோம், விருப்பம் இருந்தால் சேரலாம் என்று கோவையில் எங்கள் டாக்டர் சொன்னார். வழக்கமாகக் கொடுக்க வேண்டிய சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்குப் புது மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும், மருந்தில்லாத டம்மி மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

பிரின்ஸி உடனே சரி என்றாள். நான் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். இருபத்திரண்டு பக்கம். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படித்துப் பழக்கமில்லாதவன் என்பதால் பதினான்கு எழுத்துப்பிழைகளைச் சுழித்து, ஓரத்தில் திருத்தமும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ஆராய்ச்சியின் வேலைகளைக் கவனிக்கும் நித்யா என்ற பெண் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“ரொம்ப நன்றிங்க சார். ஆனா இது கையெழுத்துப் போடறதுக்குங்க” என்று வேறு பிரதி கொடுத்தார்.

ஒப்புதல் கொடுப்பதை வீடியோ எடுத்தார்கள். “இதுல சேரச் சொல்லி உங்களை யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?” என்று நித்யா பிரின்ஸியைக் கேட்டார். பின்னால் நின்ற நான், “இல்லம்மா, யாரும் கட்டாயப்படுத்தல” என்றேன். முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை நான் தலையை மட்டும் ஆட்டினேன். மூன்றாவது தடவை என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

வெள்ளைப் புட்டி வீட்டுக்கு வந்தது. அதோடு என் நிம்மதி போனது.

ஆண்டவரே, என் பிள்ளையின் புட்டியில் இருப்பது மருந்தாகவே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபித்தேன். ஒருவேளை டம்மி என்றால் இப்போதே மாற்றிவிடும் என்றும் சேர்த்துக் கேட்டேன். தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றினவருக்கு இது பெரிய காரியமா என்று எடுத்துக்காட்டும் கொடுத்தேன். ஜெபித்த பிறகாவது விசுவாசத்தோடு இருந்தேனா என்றால், இல்லை. பிரின்ஸி கொட்டாவி விட்டால் பக்க விளைவு தெரிகிறது, மருந்துதான் என்று சந்தோஷப்படுவேன். நன்றாகச் சாப்பிட்டால் டம்மிதான் போலிருக்கிறது என்று கலங்குவேன்.

“குமட்டுதாம்மா?” என்று ஆசையாகக் கேட்பேன்.

“இல்லப்பா. குமட்டுனா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்” என்பாள்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை கோவைக்குப் போக வேண்டும். மீதி மாத்திரைகளைப் புட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுப் புட்டி வாங்க வேண்டும். அங்கேதான் சென்னியப்பன் பழக்கமானார். குண்டடத்தில் தென்னந்தோப்பும் எருமைகளும் வைத்திருப்பவர். அவருடைய மனைவி சாவித்திரிக்கும் இதே நோய், இதே ஆராய்ச்சி, எங்களுக்குக் குறித்த அதே நாள். பெண்கள் இருவரும் உள்ளே போன பிறகு நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து எங்கள் சந்தேகங்களை ஒருவருக்கொருவர் வளர்த்துவிட்டுக்கொள்வோம்.

மே மாதம் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். எங்கள் கம்பெனி லேபில் ஷேடு பார்க்கிற லைட் பாக்ஸ் இருக்கிறது. சாயம் போட்ட துணி, வாங்குபவர் அனுப்பிய மாதிரியோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று விதவிதமான விளக்குகளில் வைத்துப் பார்க்கும் பெட்டி அது. துணியை வட்டமாக வெட்டி எடை போடும் நுட்பமான தராசும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு மாத்திரை கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடாதா? புட்டியில் தேவைக்கு மேல் சில மாத்திரைகள் இருக்கும், ஒரு வேளையும் தவறாது. முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம்.

“ஏனுங்க சார், நீங்க ஆடிட்டர் வேலைக்குப் போயிருக்கோணுங்க” என்று சென்னியப்பன் வியந்தார்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், அவிநாசிபாளையத்துப் பக்கம் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே திருநீறு. அதற்கு நடுவில் மாத்திரை.

“ஈரம் பட்டுறக் கூடாதுன்னு எங்க குலசாமி திருநீத்துல வெச்சுக் கொண்டாந்தேனுங்க.”

பிரின்ஸிக்குத் தெரியாமல் நான் எடுத்துவந்ததையும் அதையும் முதலில் எடை போட்டேன். அவருடைய மாத்திரை புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கத்தில் கூடுதலாகக் காட்டியது. அப்படியானால் அவருடையதுதான் மருந்தோ என்று நினைத்தேன். பிறகுதான் அது திருநீற்றின் எடை என்று புரிந்தது. பஞ்சுத் துணியால் ஒரு துகள்கூட இல்லாமல் துடைத்து மறுபடி வைத்தேன். இரண்டும் ஒரே எடை. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், நீல விளக்கு என எல்லாவற்றின் கீழும் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே பளபளப்பு. இப்படி ஒரே ஷேடில் ஐயாயிரம் உருப்படி வந்தால் என்னைப் போன்றவனுக்கு வேலையே இருக்காது.

கடைசியில், வேறு வழி தெரியாமல், லைட் பாக்ஸுக்கு முன்னால் தலைகுனிந்து சத்தமாகவே ஜெபித்தேன். ஆண்டவரே, என் மகளுடையதுதான் மருந்து என்று எனக்கு ஓர் அடையாளம் காட்டும். சென்னியப்பன் மரியாதையாகக் கைகட்டி நின்றார். ஆமென் சொல்லும்வரை காத்திருந்து கேட்டார்.

“ஏனுங்க சார், உங்க சாமி உங்க பொண்ணுக்கு நல்ல மாத்திரையக் குடுத்துட்டா, எங்கூட்டுக்காரிக்கு டம்மிங்ளா?”

கேட்டது கோபத்தில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. எங்கள் முதலாளியும், சரக்கு வாங்குபவரின் பிரதிநிதியாக வந்த ஒரு பெரிய மனிதரும் ஒரு நீலத் துணியோடு உள்ளே வந்தார்கள். நான் இரண்டு மாத்திரைகளையும் ஒரே அள்ளில் அள்ளிச் சட்டைப் பையில் போட்டேன்.

“இவர் யாருங்க?” என்றார் முதலாளி.

“நூல் விஷயமா வந்திருக்காருங்க” என்றேன். விசுவாசிகள் என்னை மன்னிக்க வேண்டும்.

வந்தவர் ஆர்வமாகத் திரும்பினார். “அப்படியா? கோம்ப்டு நூலா, கார்டட் நூலா?”

“ரெண்டுமே இருக்குதுங்க” என்றார் சென்னியப்பன். “நல்ல நூலுங்க. பொய் சொல்ல மாட்டனுங்க.”

அவர்கள் போனதும் பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு மாத்திரைகள். வெள்ளை. உருண்டை.

“இதுல எதுங்க எங்களுது?” என்றார்.

நான் அவற்றைப் பார்த்தேன். எடையில் வித்தியாசம் இல்லை, நிறத்தில் இல்லை, நானே நிரூபித்திருந்தேன். அடையாளமாக இருந்த திருநீற்றையும் நானே துடைத்திருந்தேன். வெட்டிய துணிக்கட்டில் எண் ஒட்டாமல் மேசையை விட்டு நகர்த்தக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் முதல் விதி. இரண்டு லாட்டைக் கலந்துவிட்ட ஒரு சூப்பர்வைசரை நான் ஒரு வாரம் வேலைக்கு வரக் கூடாது என்று அனுப்பியிருக்கிறேன்.

சென்னியப்பன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏனுங்க சார், இப்பிடித்தான் வெளிநாட்டுக்குப் பனியன் அனுப்பறீங்ளா?”

திரும்பப் போட முடியாது. மாற்றிப் போட்டு, அதை அவர்கள் சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? இரண்டையும் ஒரு காகித உறையில் வைத்து ஒட்டி, என் மேசைக்குள் பூட்டினேன்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் சாத்தான்குளத்துக்காரி, மெதுவாகப் பேசத் தெரியாது. “உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? அந்தப் பிள்ள உசிரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிது, நீங்க அத தராசுல வச்சி நிறுத்துப் பாத்தீகளா?” என்று அவள் கேட்டது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். பக்கத்து அறையில் இருந்த பிரின்ஸிக்குக் கேட்காமல் இருக்குமா?

அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முடி அப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது.

“அப்பா, ரெண்டும் வேற வேறயா இருந்திருந்தா, எது மருந்துன்னு எப்படிக் கண்டுபிடிச்சிருப்பீங்க?”

நான் யோசித்துப் பார்த்தேன். சென்னியப்பனும் நானும் ஒரு மாதம் திட்டம் போட்டும் இந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

“உங்க கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவர் எந்தப் பெட்டியத் திறப்பாருன்னு முன்னாடியே சொல்லுவாங்களா?”

“சொல்ல மாட்டாங்க.”

“ஏன்?”

“சொன்னா அந்தப் பெட்டியில மட்டும் நல்ல சரக்க வச்சிருவாங்க.”

“இதுவும் அதேதான்பா. தெரிஞ்சா எல்லாருக்கும் கண்ணு ஒரு பக்கமா சாயும். டாக்டருக்கு, எனக்கு, எல்லாத்துக்கும் மேல உங்களுக்கு. யாருக்கும் தெரியாம இருந்தாத்தான் இந்த மருந்து நிஜமாவே வேலை செய்யுதான்னு தெரியும். எனக்கு அடுத்து வர்ற பொண்ணுக்காவது உபயோகப்படும்.” பிறகு எழுந்தாள். “என்னை இதுல இருந்து எடுத்துட்டாங்கன்னா, அது நோயால இல்லப்பா. உங்களால.”

அவள் அறைக் கதவைச் சத்தமே இல்லாமல் மூடினாள். ஓங்கி அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த முறை கோவைக்குப் போகும்வரை நான் செய்த ஜெபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நித்யா மாத்திரைகளை எண்ணும்போது தப்பாக எண்ண வேண்டும் என்று ஜெபித்தேன். ஆண்டவர் இந்த ஜெபத்துக்கும் பதில் கொடுத்தார். அந்தப் பெண் இரண்டு தடவை எண்ணினார்.

முதலில் சென்னியப்பன் தம்பதியை அழைத்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. ஒரு மாத்திரை குறைகிறதே என்று நித்யா கேட்பது வராந்தாவில் கேட்டது.

“கோழி முழுங்கிப்போடுச்சுங்க” என்றார் சென்னியப்பன்.

பிறகு காகிதம் புரளும் சத்தம்.

“கோழி எத்தனை கிலோ இருக்குங்க?”

“ரெண்டு ரெண்டரை இருக்குமுங்க.”

“முழுங்கின பிறகு கோழிக்கு ஏதாச்சும் தொந்தரவு? பேதி, தீவனம் எடுக்காம இருக்கிறது?”

“நல்லாத்தானுங்க இருக்குது. முட்டைகூட வெக்குதுங்க.”

“எதுவா இருந்தாலும் நான் எழுதியாகணுங்க. மருந்து கம்பெனிக்குத் தெரியப்படுத்தணும். அவங்க ஆள் வந்து கோழியப் பார்க்கணும்னு சொன்னாலும் சொல்லுவாங்க.”

“ஏனுங்க, அதுக்கெல்லாம் எதுக்குங்க” என்ற சென்னியப்பனின் குரல் கீச்சிட்டது. சாவித்திரி, “எந்தக் கோழிங்க? நம்மூட்ல ஏதுங்க கோழி?” என்று கேட்டதும் தெளிவாகக் கேட்டது.

என்னை அழைக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. எழுந்து உள்ளே போய் உறையை மேசைமேல் வைத்தேன். “கோழி இல்லம்மா. நான்தான்” என்றேன். லைட் பாக்ஸ், தராசு, திருநீறு, நூல் வியாபாரம், எல்லாவற்றையும் சொன்னேன். சென்னியப்பன் என் பக்கத்தில் வந்து நின்று, “தப்புல பாதி என்னுதுங்க” என்றார்.

நித்யா சிரிக்கவில்லை. “இந்த மாத்திரைய யாராச்சும் சாப்பிட்டாங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் மூச்சு விட்டார். பெரிய டாக்டர் வந்தார். எங்களிடம் எழுதி வாங்கினார்கள். ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும், பதில் வரும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வரும் வழி முழுவதும் பிரின்ஸி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒன்பது நாள் பதில் வரவில்லை.

அந்த ஒன்பது நாளில்தான், பிரியமானவர்களே, எனக்கு ஜெபிக்கத் தெரியாது என்பதைக் கண்டுகொண்டேன். முழங்காலில் நின்றால் சென்னியப்பனின் கேள்வி வந்து முன்னால் நிற்கும். நல்ல மாத்திரையை என் பிள்ளைக்குக் கொடும் என்று நான் கேட்ட ஒவ்வொரு தடவையும், மற்றதைச் சாவித்திரிக்குக் கொடும் என்றும் கேட்டிருக்கிறேன். இத்தனை வருட விசுவாசத்தில் இது எனக்கு உறைக்கவில்லை. ஆண்டவரிடம் போய் சரக்கைப் பொறுக்கி எடுக்கிற வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் மதியம், கம்பெனியில் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், என் வண்டிமேல் கைவைத்து நின்றுகொண்டே கேட்டேன். என் குற்றத்தை அந்த இரண்டு பெண்களின் தலையில் வைக்காதேயும். இருவரையும் வெளியே அனுப்பிவிடாதேயும். எந்தப் புட்டியில் எது இருந்தாலும் இருவரையும் பிழைக்கப் பண்ணும். எனக்குத் தெரிய வேண்டாம். இதைச் சொல்லும்போது முதல் தடவையாக மனது இறங்கி உட்கார்ந்தது போல இருந்தது.

மறுநாள் காலை தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் போன் வந்தது. வெளியே ஓடிப்போய் எடுத்தேன். நித்யாதான்.

“சார், ரெண்டு பேரும் தொடரலாம்னு சொல்லிட்டாங்க. அவங்க ஒரு வேளைகூடத் தவறவிடல, மாத்தியும் சாப்பிடல. வீட்டுக்காரங்க செஞ்சதுக்கு அவங்கள எடுக்க வேண்டியதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா ஒண்ணுங்க சார். இனிமே நீங்களும் கோழிக்காரரும் புட்டியத் தொடக் கூடாதுங்க.”

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நூல் தூசி ஒட்டிய பேண்ட்டோடு அப்படியே வீட்டுக்குப் போய்ப் பிரின்ஸியிடம் சொன்னேன். அவள் என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். “சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள். மன்னிப்பு அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

அன்று முதல் புட்டி அவளுடைய அலமாரியில், சாவி அவளிடம். நான் கேட்பதும் இல்லை.

ஆகஸ்டில் எடுத்த ஸ்கேனில் பிரின்ஸிக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அதே நாளில் சாவித்திரியின் ஸ்கேனில் ஏதோ ஒரு சிறு நிழல், ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டவுடன் எனக்குள் ஒரு நொடி, அப்படியானால் நமக்குத்தான் மருந்து என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஒரு நொடிதான். பக்கத்தில் சென்னியப்பன் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. அன்று முதல் ஆறு வாரமும் சாவித்திரி பெயரைச் சொல்லாமல் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை.

திரும்ப எடுத்ததில் அது அறுவை சிகிச்சை செய்த இடத்துத் தழும்புதான் என்று தெரிந்தது. வராந்தாவில் நின்று ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்ல ஆரம்பித்த எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. என் மகளுக்கு நல்ல செய்தி வந்தபோதுகூட அவ்வளவு சத்தம் போடவில்லை.

“மெதுவாங்க சார், ஆஸ்பத்திரிங்க” என்று சென்னியப்பன் என் கையைப் பிடித்தார். பிறகு, தன் குலசாமி கோவிலில் பிரின்ஸி பெயருக்கும் சேர்த்தே இத்தனை நாளும் அர்ச்சனை செய்துவருவதாகச் சொன்னார். “நட்சத்திரம் தெரியலீங்க, சும்மா எங்க கண்ணுன்னே சொல்லிப்போட்டனுங்க.” போதகர் இதற்காக என்மேல் வருத்தப்பட மாட்டார் என்று நம்புகிறேன்.

சபையாரே, என் மகள் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறாள். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. யாருக்கு எது என்று முடிவில் சொல்லுவார்களாம். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது, தெரியாமலேயே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது இப்படி ஒரு காத்திருப்பில் இருந்தால், எனக்கு இதைக் கொடும், அவனுக்கு அதைக் கொடும் என்று அவருக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். முழுவதையும் அவர் கையில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் சொல்வதை ஒழுங்காகச் செய்யுங்கள். எனக்கே இது முடிந்தது என்றால் யாருக்கும் முடியும்.

வருகிற மாதம் இருவருக்கும் மறுபடி ஸ்கேன் இருக்கிறது. பிரின்ஸி, சாவித்திரி என்று இரண்டு பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். வேலை அவசரத்தில் ஒரு பெயர்தான் ஞாபகம் வருகிறது என்றால், சாவித்திரி என்று சொல்லுங்கள். பிரின்ஸிக்கு நான் இருக்கிறேன்.